ஐந்து மணிக் கட்டஞ்சாயாவை யார் போடுகிறார்கள்?

கேள்வி: எனக்கு 47 வயது. நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் வேலை. காலை ஐந்து மணிக்கு எழுந்து கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) குடித்துவிட்டு நடை, கொஞ்சம் வாசிப்பு, அன்றைய வேலைகளை டைரியில் எழுதுவது என்று பல வருடமாக ஒழுங்காக இருக்கிறேன். என் மனைவி மார்த்தாண்டத்தில் தனியார் பள்ளி ஆசிரியை. டெட் (ஆசிரியர் தகுதித்) தேர்வு எழுத வேண்டும் என்பது அவளுடைய ஆசை. புத்தகம் வாங்கி ஒரு வருடம் ஆகிறது, முதல் பாடமே முடியவில்லை. எப்போதும் ஓட்டம், எதிலும் தாமதம். ஞாயிறுதோறும் நானே அட்டவணை எழுதித் தருகிறேன், இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை. வீட்டில் அம்மா, ப்ளஸ் டூ படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன், கொஞ்சம் ரப்பர் மரங்கள். அவள் நேரத்தை நிர்வகிக்க நல்ல வழியோ ஆப்போ சொல்லுங்கள். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)
– வாசகர், குலசேகரம்

பதில்: மனைவி மீது உங்களுக்கு அக்கறை இருக்கிறது, அது கடிதம் முழுக்கத் தெரிகிறது. அந்த நம்பிக்கையில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேரத்தை நிர்வகிக்கத் தெரியாதவர் அல்ல உங்கள் மனைவி. அவருடைய நேரத்தை வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள். அதிகம் எடுப்பவர் நீங்கள்.

ஐந்து மணிக்குக் கட்டஞ்சாயா குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போட்டுத் தருவது யார் என்று எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தில் 'அவளும் நாலே முக்காலுக்கே எழுந்துவிடுவாள், ஆனாலும் பிரயோஜனம் இல்லை' என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை மறுபடி படித்தேன். நீங்கள் குறை சொல்ல எழுதிய இடங்களிலேயே அவருடைய காலை முழுவதும் இருக்கிறது. இட்லி, சட்னி. பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் மதியச் சோறு, கறி. அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு முன் சுகர் மாத்திரை, அப்புறம் நேரம் தவறாமல் சாப்பாடு. ரப்பர் மரத்தில் பால் வெட்டு உள்ள நாளென்றால் ஏழரைக்கு வெட்டுக்காரர் அந்தப் பாலைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். அதை அரித்து, தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் (உறைய வைக்கும் தட்டில்) ஊற்றி, உறைவதற்கு ஆசிட் கலக்கி, மேலே நிற்கும் நுரையை வழித்துவிட்டு, கையைக் கழுவி, சேலை மாற்றி, எட்டே காலுக்கு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். ரப்பர் பால் யாருக்காகவும் காத்திருக்காது, விட்டால் வாளியிலேயே திரண்டுவிடும். உங்கள் நடையைப் பத்து நிமிடம் தள்ளிப்போடலாம். அவருடைய ஏழரை மணியைத் தள்ளிப்போட முடியாது.

இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. மழை நாளில் வெட்டு இல்லை, சரி. ஆனால் யூனிஃபார்ம் காயாமல் கிடக்கும். நீங்கள் எழுதிக் கொடுக்கும் அட்டவணையில் மழைக்கு இடம் விட்டிருக்கிறீர்களா? காலையில் அம்மா வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்த மீன் சாயங்காலம் வரை கழுவப்படாமல் இருப்பதையும் 'தாமதம்' கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். பகல் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு வருகிறவர் வந்துதான் அதைக் கழுவ வேண்டும் என்று முடிவு செய்தது யார்?

இன்னொரு விஷயம். உங்களுக்கு ஐந்திலிருந்து ஏழு வரை யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் இருக்கிறது. உங்கள் ஒழுங்கு முழுவதும் அந்த இரண்டு மணி நேரத்தின் மேல்தான் நிற்கிறது. அவருக்கும் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு நேரம் கிடைக்கலாம், ஆனால் எட்டு நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று துண்டு துண்டாக. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால், முதல் வேலையின் நினைப்பு மனதில் தங்கி இரண்டாவதைக் கெடுக்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் சோதனைகள் மூலம் காட்டியிருக்கிறார். ரப்பர் மரத்தில் பால் வடிந்துகொண்டிருக்கும்போது அதைப் பிடிக்கும் சிரட்டையை நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து எடுத்து வைத்தால் எவ்வளவு சேரும்? டெட் தேர்வில் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சி, மொழி, கணக்கு என்று எதையும் குக்கர் விசிலுக்கு நடுவில் படித்துவிட முடியாது. ராத்திரி ஒன்பதரைக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் உடனே போனை எடுத்துவிடுகிறாள் என்கிறீர்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தனியார் பள்ளி ஆசிரியைக்கு அந்த நேரத்தில் வருவது பெரும்பாலும் பெற்றோர் குரூப். நாளைக்குக் கலர் டிரஸ்ஸா, வீட்டுப்பாடம் எந்தப் பக்கம். பதில் போடாவிட்டால் மறுநாள் கேள்வி வரும்.

உங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை இது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இது 299, 97. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை, அவர்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலில் நின்ற மாவட்டம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், வேலைக்கும் அனுப்பினோம். அடுக்களையை மட்டும் அப்படியே அவர்கள் தலையில் விட்டுவிட்டோம். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆப் எதுவும் சொல்லப்போவதில்லை. ஐந்திலிருந்து ஏழு வரை உள்ள உங்கள் நேரத்தை மனைவிக்குக் கொடுங்கள். அறைக்குள் அவர், அடுக்களையில் நீங்கள். நடையை சாயங்காலம் பஸ் இறங்கி வரும் வழியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாவு எங்கே, உப்பு எவ்வளவு என்று அறைக் கதவைத் தட்டினால் அவர் புத்தகத்தை மூடியதுதான் மிச்சம். எந்த வேலையை எடுத்தாலும் அதன் நினைப்பையும் சேர்த்து எடுங்கள். உளுந்து தீரப் போவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அரிசியை மதியமே ஊறப்போடச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் மாத்திரை அட்டையில் எத்தனை நாளைக்கு இருக்கிறது, அடுத்த சுகர் டெஸ்ட் என்றைக்கு என்பதெல்லாம் உங்கள் டைரியில் ஏற வேண்டும். உண்மையில் அவரைக் களைப்பாக்குவது கை வேலையைவிட இந்த ஞாபகங்கள்தான். பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் உளுந்து அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை அது உங்கள் மனதில் ஓட வேண்டிய அவசியம் வரவில்லை.

பால் வேலைக்கு, வெட்டுக்காரரிடம் கூடுதல் கூலி பேசி அவரே உறைய ஊற்றும்படி செய்யுங்கள். அந்தப் பேச்சையும் நீங்களே பேசுங்கள். மீன் கழுவக் கற்றுக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை சாளையில் (மத்தி மீனில்) ஆரம்பித்தால் போதும். டிபன் பாத்திரத்தைக் கழுவுவதும் துணி மடிப்பதும் பிள்ளைகளுக்கு. மகளுக்கு மட்டும் சொல்லாதீர்கள், எட்டாவது படிக்கிற பையனால் எல்லாம் முடியும்.

முதல் இரண்டு மூன்று வாரம் உங்கள் மனைவி அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறக்காமல் தூங்கக்கூடும். தூங்கட்டும். எத்தனை பக்கம் ஆயிற்று என்று விசாரிக்க வேண்டாம். அட்டவணையும் இனி எழுதித் தர வேண்டாம், தனக்கு என்ன தெரியவில்லை என்பது அவருக்கே நன்றாகத் தெரியும்.

கடைசியாக, அம்மா. மகன் அடுக்களையில் நிற்பதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்காமல் போகலாம், வாய்விட்டும் சொல்லலாம். 'மாமி என்ன நினைப்பாங்களோ' என்று உங்கள் மனைவி இரண்டாம் நாளே எழுந்து வந்து கரண்டியை வாங்கிக்கொள்வார். அந்தச் சங்கடத்தை அவர் சமாளிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை இதையெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால், மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அம்மாவிடம் நீங்களே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.