நாலு மாடி ஏறி வருகிறவர்

கேள்வி: எனக்கு ஆறாம் மாதம். ஐ.டி. வேலை, வேளச்சேரியில் அபார்ட்மென்ட். ரத்த அளவு 10.2 என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிட்டால் குழந்தை கறுத்துவிடும் என்கிறார் மாமியார். அடிக்கடி தலைசுற்றல், கால் வலி. இப்போதே லீவு போடலாமா? எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் ஏழு மாசம், ஆறாவது படிக்கும் மகளுக்குப் பிறகு இது இரண்டாவது. தினமும் நாலு மாடி ஏறி வந்து (லிஃப்ட் குடியிருப்பவர்களுக்கு மட்டும்) பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துவிட்டு, இன்னும் மூன்று வீட்டுக்குப் போகிறார். ஒரு குறையும் இல்லை. உழைக்கிற உடம்பு என்பதாலா? நாங்கள்தான் சொகுசாக வளர்ந்துவிட்டோமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: உங்கள் விஷயம் சுலபம், முதலில் அதை முடித்துவிடுகிறேன். மாத்திரையைச் சாப்பிடுங்கள். குழந்தையின் நிறம் இரண்டு குடும்பத்திலிருந்தும் வருவது, மாத்திரையிலிருந்து இல்லை. கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன என்று மாமியாரிடமே கேளுங்கள். மாத்திரையோடு காபி, டீ வேண்டாம், கால்சியத்தை வேறு வேளைக்கு மாற்றுங்கள். தலைசுற்றலை டாக்டரிடம் சொல்லி பி.பி.யும் பாருங்கள். லீவு விஷயத்தில், சட்டம் தரும் 26 வாரத்தில் 8 வாரம்தான் பிரசவத்துக்கு முன்னால் எடுக்க முடியும், அதனால் இப்போது போட்டால் அது உங்கள் சொந்த லீவு. கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சரி, அந்த அடைப்புக்குறிக்கு வருவோம். ஏழு மாசக்காரியை நாலு மாடி படியேற வைக்கிற விதியை, ஏதோ தபால் முகவரி எழுதுவதுபோல அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்களே அம்மா! அந்த லிஃப்டில் தண்ணீர் கேன் வருகிறதா? வரும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு குறையும் இல்லை என்று யார் சொன்னது? உங்களுக்கு 10.2 என்பது பரிசோதனை செய்ததால் தெரிந்தது. அவருக்கு எவ்வளவு என்று கேட்டீர்களா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு ரத்தசோகை. உழைக்கிற உடம்பு தாங்கும் என்ற பேச்சு எனக்கு வரும் கடிதங்களில் ஓயாமல் வருகிறது, எழுதுகிறவர் ஒருவர்கூட உழைக்கிற உடம்புக்காரர் இல்லை. ரத்தம் குறைந்தவர் படியேறினால் இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும், பிரசவத்தில் ரத்தப்போக்கு என்றால் மற்றவர்கள் தாங்குகிற அளவைக்கூட அவரால் தாங்க முடியாது. தலை சுற்றுகிறது என்று அவர் உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் எளிது, சொன்னால் வேறு ஆள் பார்ப்பீர்கள் என்ற பயம்.

கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப்புக்குக் காலையில்தான் போக வேண்டும், வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். அதே காலையில்தான் உங்கள் வீட்டுப் பாத்திரம் காத்திருக்கிறது. அரை நாளுக்கு நாலு வீட்டிலும் பதில் சொல்ல வேண்டிய பெண் செக்கப்பைத்தான் தள்ளிப்போடுவார்.

நாளைக்கே கேளுங்கள்: பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கியாகிவிட்டதா, ரத்தமும் பி.பி.யும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய், முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. சீக்கிரமே பதிந்திருக்க வேண்டும், இல்லையென்றாலும் செவிலியரிடம் போய்ப் பேசட்டும். முகமும் கையும் வீங்கினாலோ, விடாத தலைவலியோ, கண் மங்கலோ வந்தாலோ அன்றைக்கு வேலை கிடையாது, நேராக ஆஸ்பத்திரி, வண்டி இல்லையென்றால் 108. இதைச் சொல்லிவைப்பது உங்கள் கடமை. வீட்டுக்குள் வந்து நம் எச்சில் தட்டைக் கழுவுகிறவரை நான் வெளி ஆளாக நினைப்பதில்லை, நீங்களும் நினைக்கக் கூடாது.

அப்புறம் சம்பளம். உங்களுக்கு 26 வாரம் தருகிற சட்டம் உங்கள் சமையலறைக்குள் வருவதில்லை. அதே சட்டம் பிரசவமான 6 வாரத்துக்கு ஒரு பெண்ணிடம் வேலை வாங்கவே கூடாது என்கிறது. நாலு வீடும் பேசிவைத்து, பிரசவத்துக்கு முன் ஒரு மாதம், பின் மூன்று மாதம் முழுச் சம்பளம் கொடுங்கள். கட்டாது என்று யாராவது இழுத்தால், வளைகாப்புக்கு மண்டபம் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். (உங்களையும் சேர்த்துத்தான்.) அவர் சீக்கிரம் திரும்பி வந்தால் அந்தக் குழந்தையின் தாய்ப்பால்தான் முதலில் குறையும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உங்களுக்குச் சொல்கிற அதே டாக்டர்தான் அவருக்கும் சொல்வார்.

லிஃப்ட் விஷயத்தை அசோசியேஷன் கூட்டத்தில் உங்கள் கணவர் எழுந்து பேசட்டும், கூட்டம் வரும்வரை வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு நீங்களே கூட்டிக்கொண்டு ஏறுங்கள். லீவில் போகும்போது "என் பொண்ணை அனுப்புறேன்க்கா" என்று அவர் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகட்டும், பாத்திரத்தை உங்கள் கணவர் தேய்க்கட்டும்.