பழைய கார் மிஸ் அடிக்கிறதா? ஹெட்டைத் திறக்கும் முன் அளந்து பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் சாகா, இஸ்வாரா, விரா என்ற பழைய புரோட்டான் கார்களை ஓட்டுகிறவர்கள் இன்னும் நிறைய. ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் என்ஜின் உதறுவதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம்; ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி. அவர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, சிக்னலில் நிற்கும்போது சாகா உதறுகிறது. பிளக் நான்கும் புதுசு. எந்தச் சிலிண்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்ஜினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றுங்கள். அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, என்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் நல்லது. ஒவ்வொன்றாக இப்படிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது மாற்றமே தெரியவில்லையோ, கோளாறு அங்கேதான். ஓடும் என்ஜினில் வெறுங்கையால் வயரை இழுக்க வேண்டாம் தம்பி, ஷாக் பலமாக அடிக்கும்.

அப்புறம் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் வயரையும் வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் செலவு சின்னது. அங்கேயே நின்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் காற்றின் அழுத்தம், பார்க்க வேண்டும்.

மழைக்குப் பிறகு காலையில் மட்டும் மிஸ் அடிக்கிறது.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில், அதாவது கேப்பில், ஈரம். கழற்றித் துடைத்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் கேப்பை மாற்றுங்கள். என்ஜினுக்கு ஒன்றும் இல்லை.

கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்கி நான்கு சிலிண்டரையும் வரிசையாகப் பார்த்தேன். 165, 160, 95, 160 psi காட்டுகிறது. போர்மேன் உடனே ஓவர்ஹால் என்கிறார். சரிதானா?

முதலில் அளந்த விதம் சரியா என்று பாருங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குக் கரண்ட் துண்டித்து, ஆக்சிலரேட்டர் மிதியை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரில் ஐந்தாறு சுற்று. பேட்டரி பலவீனமாக இருந்தால் எண்கள் பொய் சொல்லும்.

எல்லாம் சரியென்றால் மூன்றாவது சிலிண்டர்தான் நோயாளி. சிலிண்டர்களுக்குள் பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசம் வரை பொறுக்கலாம், உங்களுடையது நாற்பதைத் தாண்டுகிறது. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வோ, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கட்டோ.

அங்கேயும் நிற்காதீர்கள். அந்தப் பிஸ்டனை மேல் முனையில் நிறுத்தி, வால்வுகள் எல்லாம் மூடியிருக்க, கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் பிடித்துப் பிளக் துளையில் காற்று ஏற்றச் சொல்லுங்கள். கார்புரேட்டரில் இரைந்தால் இன்டேக் வால்வ். புகைக்குழாயில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வ். எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். வால்வ் என்றால் முதலில் வால்வ் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் உள்ள இடைவெளியை, பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வால்வ் முழுதாக மூடாது. அதைத் தளர்த்தியதும் எண் ஏறிவிட்டால் ஹெட்டைத் திறக்கவே வேண்டாம். வால்வே எரிந்து போயிருந்தால்கூட ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்யும் டாப் ஓவர்ஹால் போதும். முழு என்ஜினையும் பிரிக்கக் காசு கேட்டால், காரணத்தை எண்ணோடு காட்டச் சொல்லுங்கள். தோட்டச் சம்பளத்தில் அது பெரிய தொகை.

இரண்டும் மூன்றும் சேர்ந்து 80-க்கு இறங்கிவிட்டன. தண்ணீரும் குறைகிறது.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் விழுந்தால் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம். இனி ஓட்டாதீர்கள். கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதாது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்பட்டை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வளைந்திருந்தால் சீவ வேண்டும்.

டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு நான்கும் 110.

நான்கும் ஒரே நாளில் ஒரே அளவு தேயாது. பெல்ட் ஒரு பல் தவறி மாட்டியிருக்கும். குறிகளைச் சரிபார்க்காமல் மேலும் ஓட்ட வேண்டாம்.

பேசாமல் ஹாஃப்-கட் என்ஜின், அதாவது வெட்டிய பழைய காரிலிருந்து எடுத்த என்ஜின், போட்டுவிடலாமா?

ஹெட்டைக் கழற்றிய பிறகு சிலிண்டர் சுவரில் விரலில் தட்டும் கீறல் இருந்தால் போடலாம். அதற்கு முன் வேண்டாம். வாங்குவதானால் கடையிலேயே கம்ப்ரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள். என்ஜின் எண் மாறுவதால் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவையும் மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.