சுருதி இறங்குது, பிள்ளை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேர்த்திக்காக விடிய விடிய ஆடும் காத்தவராயன் கூத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனது ஐயா ஒட்டுசுட்டான் பக்கத்தில் அந்தக் கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். தொழில் கமம். யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. பெட்டியை வாங்கிவந்து தானே தட்டித் தட்டிப் பழகினார்.

90களில் எங்களுக்குக் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவில் வயர் கொடுத்துத்தான் கசெற் கேட்போம். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம், தெட்சணாமூர்த்தியின் தவில். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் பாட்டு இழுபட்டுக் கீழே போகும். ஐயா கண்ணைத் திறக்காமலே "சுருதி இறங்குது, பிள்ளை" என்பார். இரவில் லாம்பு வெளிச்சத்தில் பெட்டியைக் கழற்றி, பிசகிய ரீட்டை, சுரம் எழுப்பும் அந்த உலோக நாக்கை, பிளேட்டால் மெல்லச் சுரண்டுவார். நுனியில் சுரண்டினால் சுரம் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகின நாளிலேயே எனக்கு இது தெரியும்.

பிறகு மருதனார்மடத்தில் வயலின் படித்தேன். இப்போது பாடசாலையில் சங்கீத ஆசிரியை. 2009இல் எல்லாவற்றோடும் பெட்டியும் போய்விட்டது. ஐயா போன வருடம் காலமானார். வவுனியாவில் சித்தப்பா வீட்டில் இருந்த ஒரு கசெற் மட்டும் மிச்சம், ஐயா ஒரு கூத்துக்கு வாசித்தது. அதைக் கேட்டால் அழுகை வருகிறது. ஆனால் படித்த காது சும்மா இருக்கிறதா? மத்திமம் என்ற 'ம' சுரத்துக்கு இரண்டு வகை, ஒரு இராகத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் வரும். இங்கே ஒரே பாட்டில் இரண்டும் வருகிறது, இராகம் குலைகிறது. சங்கீதம் தெரிந்த ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். "இது பாசம், சங்கீதம் இல்லை" என்றார். அன்றிலிருந்து ஒரே யோசனை. இத்தனை வருடமும் எனக்குப் பிடித்திருந்தது இசையா, ஐயாவா?

இன்னொன்று. மகளுக்கு 10 வயது. வயலினைத் தொடமாட்டேன் என்கிறாள். ஐயாவிடமிருந்து எனக்கு வந்தது என்னிடமிருந்து அவளுக்கு ஏன் போகவில்லை?

பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, கிளிநொச்சி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அந்தச் சங்கீதம் தெரிந்தவரின் ஒரு வரி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இருந்து வயலின் கற்பித்தவர். அவருடைய பிள்ளைகள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் மூவருக்கும் தகப்பன்தான் குரு. 1958 கலவரத்தோடு அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. பக்கவாத்தியமாகவே இருந்த வயலினைத் தனி வாத்தியமாக உலக மேடையில் ஏற்ற வேண்டும் என்று தகப்பன் ஆசைப்பட்டார், மகன் எல். சுப்பிரமணியம் அதைச் செய்து காட்டினார். நீங்கள் பெடல் சுற்றிக் கேட்ட தெட்சணாமூர்த்தி, தவில்காரர் விசுவலிங்கத்தின் மகன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் தாய் சண்முகவடிவு வீணை வாசித்தவர். இவர்களிடம் போய், உனக்குப் பிடித்தது இசையா, பெற்றவரா என்று யாராவது கேட்டிருப்பார்களா? அங்கே அது பரம்பரை. கமக்காரன் வீட்டில் அதே சங்கதி நடந்தால் மட்டும் பாசம்.

சின்ன வயதில் ஒருவரும் இராகத்தில் மயங்குவதில்லை. வீட்டில் ஒரு பெரிய மனிதர், வயலில் நாள் முழுக்க மாய்ந்துவிட்டு வந்தவர், கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். ஏன் அப்படி இருக்கிறார் என்றுதான் பிள்ளை முதலில் பார்க்கிறது. கொஞ்சக் காலத்தில் அவர் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது. நீங்கள் மருதனார்மடத்துக்குப் போனது ஐயாவைத் தேடியா? அவர் ஒட்டுசுட்டானில் அல்லவா இருந்தார்.

(என் வீட்டுக் கதை நேர்மாறு. அம்மாவுக்குப் பாட்டென்றாலே தலையிடி, றேடியோவை நிறுத்தச் சொல்லித்தான் கேட்டு வளர்ந்தேன். எனக்கு இசை வந்தது கோயில் லவுட்ஸ்பீக்கர் வழியாக. ஆகவே பெற்றோர் இல்லாமல் இசை இல்லை என்று சட்டம் பேச நான் வரவில்லை.)

சரி, பிழைகளுக்கு வருவோம். உங்கள் காது பொய் சொல்லாது. ஆர்மோனியத்தில் கமகம் வராது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவத் தெரியும், இடையில் இழையத் தெரியாது. இந்தக் குறையையும் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்து 30 வருடம் வெளியே நிறுத்தியது. குறை உண்மைதான். ஐயாவும் சில இடங்களில் உண்மையாகவே பிழை விட்டிருப்பார். ரீட் பிசகியிருக்கும், நித்திரை தூங்கியிருப்பார், விடிய விடிய வாசிக்கிற மனுசன். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மத்திமத்தை மட்டும் என்னால் குற்றப்பட்டியலில் சேர்க்க முடியாது. பெகாக் இராகத்தில் இரண்டும் வருகிறது, அங்கே ஒன்றை அந்நிய சுரம், அதாவது வெளியிலிருந்து வந்த சுரம், என்று மரியாதையாக உள்ளே விடுகிறோம். கூத்து மெட்டு இராக இலக்கணத்தைப் பார்த்துப் போட்டது இல்லை. பாத்திரத்துக்குப் பாத்திரம் மெட்டு மாறும், முத்துமாரிக்கு ஒரு மெட்டு, டாப்பர் மாமாவுக்கு ஒரு மெட்டு. பின்னால் பாயில் சரிந்து கிடக்கும் சனம் மெட்டைக் கேட்டே யார் வருகிறார் என்று எழும்பிப் பார்க்கும். அந்த மெட்டின் வேலை அது.

அப்புறம், அந்தக் களத்தில் பெட்டிக்காரர் செய்யும் வேலையை வயலின் படித்தவராகக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காத்தான், அதாவது காத்தவராயன், அங்கே ஒரே ஆள் இல்லை. பாலகாத்தான், ஆதிகாத்தான் என்று கட்டத்துக்குக் கட்டம் ஆள் மாறும். ஒருவருக்குக் குரல் ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் நிற்கும், மைக் இல்லாத காலத்தில் அப்படிப் பாடினால்தான் கடைசிப் பாய்வரை கேட்கும். அடுத்து வருகிறவருக்கு மூன்று கட்டையே திண்டாட்டம். நேர்த்திக்கு ஆட வந்தவரிடம் போய் "உமக்குச் சுருதி சேரவில்லை" என்று சொல்ல முடியுமா? பெட்டிதான் அவரிடம் போக வேண்டும். அதுவும் எப்போது? அவர் வாயைத் திறந்து முதல் எழுத்தைப் போட்ட பிறகு. விடியற்புறம் கழுவேறும் கட்டத்தில் தொண்டை கட்டிப்போய் பாடுகிறவர் இறங்கிக்கொண்டே வருவார். பெட்டியும் ஒருவருக்கும் தெரியாமல் கட்டை மாறிக் கூடவே இறங்க வேண்டும். நாங்கள் மேடைக்குப் போகுமுன் கால் மணித்தியாலம் தந்தியை முறுக்குகிற ஆட்கள். இந்த வித்தைக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் புள்ளி கிடையாது.

பெடல் சுற்றியதை நீங்கள் இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்திலேயே அதுதான் பெரிய விசயம். வகுப்பில் சுருதிப்பெட்டி வைத்த இடத்தில் நிற்கும், பிள்ளை அதோடு போய்ச் சேர்ந்தால் போதும். உங்களுக்குச் சுருதி, கையை விட்டால் விழுந்துவிடுகிற ஒன்றாக வந்து சேர்ந்திருக்கிறது. மோட்டர் வேகம் கூடினால் காலமும் சுருதியும் சேர்ந்து ஏறும், குறைந்தால் சேர்ந்து விழும். ஒரு கீர்த்தனை முடியுமட்டும் அதைச் சமமாகப் பிடித்து வைத்திருந்தது உங்கள் மணிக்கட்டு. அதே மணிக்கட்டில்தான் பிறகு வில்லைக் கொடுத்திருக்கிறார்கள். வில் ஒரே அழுத்தத்தில் நீள இழுபடப் பழகுவதற்குப் பிள்ளைகள் வருடக்கணக்காகச் சாதகம் பண்ணுகிறார்கள். ஐயா ஒன்றும் கற்பிக்கவில்லை, பாட்டு நின்றுவிடக் கூடாதே என்ற தன் தேவைக்காகத்தான் உங்களைச் சுற்றவைத்தார். அவருக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒட்டிக்கொண்டது அந்த வேண்டியிருத்தல்தான் என்று நினைக்கிறேன்.

கசெற்றுக்கு ஒரு வார்த்தை. அழுகை வரும்போதெல்லாம் மூலத்தைப் போடாதீர்கள். நாடாவில் பூஞ்சணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் ஓடவிடாமல் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் நல்ல பிளேயர் ஒன்றின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரே ஓட்டத்தில் கணினியில் பதிந்துவிட்டு, பிறகு அந்தப் பிரதியைக் கேளுங்கள். கேட்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சோர்ந்த பற்றரியில் பதிந்த கசெற் இன்றைக்குச் சரியான வேகத்தில் ஓடும்போது சுருதி ஏறித்தான் கேட்கும், போகப் போக இன்னும் ஏறும். ஐயா மேல் போட்ட சில குற்றங்கள் பற்றரிக்குப் போக வேண்டியவையாக இருக்கலாம்.

பிறகு மெட்டுகளைச் சுரப்படுத்துங்கள். உங்களால் முடிகிற வேலை, ஐயாவால் முடியாத வேலை. அந்தக் கூத்தில் ஆடியவர்கள் இருந்தால், கூத்துப் பழக்கி, பாட்டுக் கொப்பி வைத்திருக்கும் அண்ணாவியார் யாரும் இருந்தால், போய் உட்கார்ந்து எந்த மெட்டு எந்தப் பாத்திரத்துக்கு, எந்தக் கட்டத்தில் என்று கேட்டு எழுதுங்கள். உடனே இராகப் பெயர் எழுதிவிடாதீர்கள். பெயர் எழுதினால் அந்த இராகத்துக்கு ஒவ்வாத சுரத்தைக் கை தானாகவே அழித்துவிடும். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவதானாலும் இதே எச்சரிக்கைதான். நடுவருக்குப் பிடிக்க வேண்டும் என்று மெட்டைச் சலவை செய்தால் ஐயாவின் இரண்டாவது மத்திமம் முதல் தண்ணீரிலேயே போய்விடும்.

மகளைப் பற்றி. வீட்டில் வயலினை எப்போது எடுக்கிறீர்கள்? என் ஊகம், ரியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்காக, பிழை திருத்துவதற்காக. அப்படியானால் அவள் பார்த்த வயலின் வேறு, நீங்கள் பார்த்த ஆர்மோனியம் வேறு. யாரும் கேட்காத நேரத்தில், உங்களுக்காக, கொஞ்சம் வாசியுங்கள். அவள் பக்கத்தில் வந்தால் வரட்டும், ரீவி பார்த்தால் பார்க்கட்டும், "இது என்ன இராகம் சொல்லு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வகுப்பு வேண்டாம் என்றால் இப்போதைக்கு விடுங்கள். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சை வருடா வருடம் நடக்கிறது, அது எங்கேயும் ஓடிவிடாது.