பூனைக்கு ஒரு கல் பெட்டி

கேள்வி: எகிப்தில் பூனைக்குக்கூட எழுத்து பொறித்த சவப்பெட்டி செய்தார்களாமே, நிஜமா? (வாசகி, தேனி)

பதில்: நிஜம்தான். மன்னர் மூன்றாம் அமென்ஹோதெப்பின் மூத்த மகன் துத்மோஸ், தன் பூனைக்குச் சுண்ணாம்புக்கல்லில் பெட்டி செய்ய வைத்தான். பூனையின் பெயர் தா-மியூ. அர்த்தம்? பெண் பூனை, அவ்வளவுதான்! இளவரசனுக்குப் பெயர் யோசிக்கச் சோம்பல்போல. பெட்டியின் பக்கவாட்டில் அம்மணி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே படையல் மேசை, அதன்மேல் ஒரு வாத்து. எழுத்துகளில் அவள் 'ஒசைரிஸ் தா-மியூ'; ஒசைரிஸ் இறந்தோர் உலகின் கடவுள். இறந்த மனிதர்களுக்குத் தரும் அதே மரியாதை.

இவள் செல்லப் பிராணி, சரி. கோயில் பூனைகளின் கதை வேறு. பிற்காலத்தில் பூனை உருவ தேவியான பாஸ்டெட்டுக்குக் காணிக்கை வைக்கவென்றே பூனைகளை வளர்த்து, பல குட்டிகளைக் கழுத்தைத் திருகி மம்மியாக்கினார்கள். எங்கள் வீட்டுக் கறுப்பியிடம் அந்த வாத்து வரைதான் சொன்னேன்.