காறை எலும்பின் அடியில் ஒரு சிறு தசை

கேள்வி: இயன்முறை மருத்துவம் படிக்கிறேன். காறை எலும்புக்குக் கீழே உள்ள 'சப்கிளேவியஸ்' என்னும் தசையைப் பாடத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். அந்தப் பெயருக்குப் பொருள் என்ன? அத்தசைக்கு வேலை ஏதும் உண்டா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'கிளாவிஸ்' என்றால் சாவி. காறை எலும்புக்கு அம்மொழியில் 'சிறு சாவி' எனப் பொருள்படும் 'கிளாவிகுலா' என்ற பெயர் வழங்குகிறது. எலும்பு பழங்காலச் சாவியைப் போல வளைந்திருப்பதால் அப்பெயர் வந்தது என்பர் சிலர். கையை உயர்த்தும்போது, பூட்டில் திரும்பும் சாவியைப் போல அது தன் அச்சில் சுழல்வதால் வந்தது என்பர் வேறு சிலர். தசையைக் குறிக்கும் லத்தீன் சொல் ஆண்பால் என்பதால் 'சப்கிளேவியஸ்' என்றும், தமனியையும் சிரையையும் குறிக்கும் சொற்கள் பெண்பால் என்பதால் அவற்றுக்கு 'சப்கிளேவியா' என்றும் ஈறு மாறுவதை அறிந்துகொண்டால் தேர்வில் குழப்பம் வராது. தமிழில் நாம் கழுத்தணியான காறையின் பெயரால் அந்த எலும்பை அழைப்பதால், இதைக் 'காறையடித் தசை' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

முதல் விலா எலும்பு அதன் குருத்தெலும்போடு சேரும் இடத்தில் தொடங்கி, காறை எலும்பின் அடிப்பரப்பில் நடுப்பகுதியிலுள்ள பள்ளத்தில் இது முடிகிறது. மார்பின் பெருந்தசை மூடியிருப்பதால் விரலால் தடவி எளிதில் உணர முடியாது. 5, 6ஆம் கழுத்து நரம்புகளிலிருந்து வரும் சிறு கிளை இதை இயக்குகிறது. காறை எலும்பைக் கீழ்நோக்கி இழுத்து, மார்பெலும்போடு சேரும் மூட்டில் அது விலகாமல் நிலைநிறுத்துவது இதன் வேலை.

ஆனால் இதன் அருமை இழுக்கும் வலிமையைவிட, இருக்கும் இடத்தில்தான் அதிகம் என்பேன். காறை எலும்பு பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் முறியும். அப்போது கூரிய எலும்பு முனைக்கும் கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்கள், நரம்புப் பின்னலுக்கும் இடையே மெத்தைபோல் கிடப்பது இந்தத் தசையே. அதே இடம் சில வேளைகளில் தொல்லையும் தரும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் கம்பி இத்தசையின் ஊடாகச் சென்றுவிட்டால், கை அசையும்தோறும் எலும்புகளுக்கிடையே நெருக்குண்டு நாளடைவில் சிதையக்கூடும். அதனால்தான் மருத்துவர்கள் பலர் சற்று வெளிப்புறமாக, அக்குள் சிரை வழியே கம்பியைச் செலுத்துகிறார்கள்.