ஆடும் பல்லை எடுத்தால் மறதி வருமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் விழுந்துவிட்டன. இருப்பவற்றிலும் நான்கு ஆடுகின்றன. எடுத்துவிட்டுப் பல் செட் போடலாம் என்கிறார் மருத்துவர். பல் போனால் மூளை சுருங்கும் என்று யாரோ சொன்னதால் அம்மா மறுக்கிறார். சில மாதங்களாக மறதியும் இருக்கிறது.

பதில்: மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயந்த காலம் போய், இப்போது மூளைக்குப் பயப்படுகிறோம். கண் பயத்துக்கு ஆதாரமே இல்லை. மூளை விஷயத்தில் ஓரளவு இருக்கிறது. ஆனால் அது உங்கள் அம்மா நினைப்பதைச் சொல்லவில்லை.

நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் 2021இல் 14 ஆய்வுகளை, சுமார் 34,000 பேரின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பல் இழந்தவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 1.28 மடங்கு. பல் செட் அணிந்தவர்களிடம் அந்த வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. ஆனாலும் பல் இழப்பே காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வறுமை இரண்டுக்கும் வழிவிடும். மறதி தொடங்கியவர் பல் துலக்குவதையும் விட்டுவிடுவார்.

ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. 172 பேர்தான், சிறிய ஆய்வு. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை நான்கு ஆண்டு இடைவெளியில் ஸ்கேன் செய்தார்கள். ஈறு நோய் லேசாக இருந்தவர்களில், பல் குறைந்தவர்களுக்கு அது வேகமாகச் சுருங்கியது. நோய் முற்றியவர்களில் தலைகீழ்: பல் அதிகம் இருந்தவர்களுக்கே வேகமாகச் சுருங்கியது. சீழ் பிடித்த பல்லை மூளைக்காகக் கட்டிக் காப்பதில் அர்த்தமில்லை.

ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்தால் அந்த நான்கில் ஏதேனும் தேறுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேறாதென்றால் எடுத்துவிடலாம். அதற்கு முன் சர்க்கரை கட்டுக்குள் வரட்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எடுத்த இடத்தைக் காலியாக விட்டால் அம்மா கஞ்சிக்கும் ரசச்சோற்றுக்கும் பழகிவிடுவார். காய்கறி, பயறு எல்லாம் தட்டிலிருந்து போய்விடும். புது செட் முதலில் உறுத்தும். பலர் அதோடு கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். திரும்பப் போய்த் தேய்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். இரவில் கழற்றி, கழுவி, தண்ணீரில் போடுங்கள்.

மறதியைப் பல்லின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவே மறதியைத் தரும். பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் சோதியுங்கள். இதற்குப் பல் வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.