அடிக்கிற கணவன்மாரை உளவளத்துணை மாற்றுமா? எங்கள் வீட்டில் நான் பார்த்தது

"மனைவியை அடிக்கும் ஆண்களுக்கு நடத்துகிற சீர்திருத்த வகுப்பு, உளவளத்துணை (கவுன்சலிங்) எல்லாம் உண்மையில் பலன் தருமா?" என்று ஒருவர் பெயர் போடாமல் கேட்டிருக்கிறார். ஆராய்ச்சிக்காகக் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒருவர் "நான் உளவளத்துணைக்குப் போறன், நீ வழக்கை வாபஸ் வாங்கு" என்று சொல்லியிருப்பார், நீங்கள் இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எண்ணித்தான் எழுதுகிறேன். வழக்கை இப்போது வாபஸ் வாங்காதீர்கள்.

நான் சட்டத்தரணி இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். என் தங்கச்சி வாழ்க்கைப்பட்டது நிலாவெளிப் பக்கம். அவளுடைய மனுசன் சம்மாட்டி ஒருவரின் படகில் தொழிலுக்குப் போகிறவர். சம்மாட்டி கடற்கரையில் எல்லார் முன்னாலும் ஏசினாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்தால்தான் கை நீளும். அதனால் "கோபத்தை அடக்கப் பழக்கினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்கமுடிவதில்லை. யாரிடம் அடக்கவேண்டும், யாரிடம் அடக்கத் தேவையில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கை முறிந்து தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான் நீதிமன்றம் போனோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளை கிடைக்கும், பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. அடித்தவர் உளவளத்துணைக்குக் கட்டாயம் போகவேண்டும் என்று உத்தரவிடவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. இவருக்கும் அப்படித்தான் உத்தரவு வந்தது. ஒழுங்காகப் போனார். சேர்ட் மினுக்கிப் போட்டு, நேரத்துக்குப் போய், பணிவாக இருந்து பேசிவிட்டு வந்தார். நல்ல முன்னேற்றம் என்று அங்கே இருந்தவர்களுக்கும் மகிழ்ச்சி.

பிறகு இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, "இப்ப எப்பிடி தங்கச்சி, பிரச்சினை ஒண்டும் இல்லைதானே?" என்று கேட்டார்கள். அவள் என்ன சொல்வாள்? அதே மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் ஏறித்தானே வீட்டுக்குப் போகவேண்டும்! "எல்லாம் சரி" என்றாள். அது அப்படியே எழுதப்பட்டது.

வீட்டில் நடந்ததை எனக்குத்தான் சொன்னாள். "அக்கா, இப்ப அடிக்கிறேல்ல. ஆனா போனை வாங்கிப் பாக்கிறார். கடைக்குப் போனா மிச்சக் காசை எண்ணுறார். நான் ஏதும் கேட்டா, தனக்கும் மன அழுத்தம் இருக்காம், நான்தான் அதைக் கூட்டுறனாம் எண்டு அங்க சொன்னவை எண்டுறார்." அங்கே படித்த சொற்களை வைத்தே அவளை மடக்கப் பழகியிருந்தார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வெளிநாடுகளில் என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1977லேயே பாஸ்டனில் இப்படியொரு நிகழ்ச்சித்திட்டம் தொடங்கிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் மினசோட்டாவின் டுலூத் நகரில் வந்த முறையைத்தான் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. அங்கே வகுப்பு ஒரு துண்டு மட்டும். பொலிஸ், நீதிமன்றம், பெண்களுக்கு உதவுகிற அமைப்பு எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், ஆள் வகுப்புக்கு வராவிட்டால் உடனே கேள்வி வரும். நம்மவர்கள் வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

2004இல் பாப்காக் என்பவரின் குழு 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கைது, தண்டனை மட்டும் பெற்றவர்களை விட, வகுப்புக்கும் போனவர்கள் திரும்ப அடிக்கும் வாய்ப்பு 5 சதவீதம்தான் குறைவு. ஆனால் 2015இல் பிரித்தானியாவில் வெளிவந்த மிரபால் ஆய்வில் பெண்களிடமே கேட்டார்கள். ஆயுதம் எடுத்தார் என்று முன்பு சொன்னவர்கள் 29 சதவீதம், அவர்களுடைய ஆண்கள் நிகழ்ச்சித்திட்டத்தில் சேர்ந்து ஒரு வருடத்தின் பின் அப்படிச் சொன்னவர் ஒருவரும் இல்லை. கட்டுப்படுத்தும் பழக்கம் மட்டும் அந்தளவுக்குக் குறையவில்லை. தங்கச்சி சொன்னதும் அதேதான். அந்த நாட்டில் தரச்சான்று பெற்ற நிகழ்ச்சித்திட்டமென்றால், ஆணுக்கு வகுப்பு நடக்கும்போதே அவருடைய மனைவிக்குத் தனியாக ஒரு உதவியாளர் இருக்கவேண்டும். அவர் அவளோடு தனியாகப் பேசுவார்.

எங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வந்ததில்தான் விஷயம் திரும்பியது. பிரதேச செயலகத்தில் பெண்களுக்கான ஒரு உத்தியோகத்தர், தங்கச்சியின் மனுசன் கடலுக்குப் போன நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்து அவளிடம் தனியாகக் கேட்டார். அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்தாள். இப்போது பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருக்கிறாள்.

குடும்பத்தைப் பிரிக்கிறேன் என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று. ஆண்கள் மாறவே மாட்டார்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, மாறிய ஆட்களும் இருக்கிறார்கள், எனக்கு ஆண்கள்மேல் பகையும் இல்லை. 2019இல் புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கில், இந்த நாட்டில் ஐந்து பெண்களில் ஒருவர் துணைவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையைக் கண்டிருக்கிறார். அவர்களையெல்லாம் அக்காமார் வந்து பிரித்துவிட்டார்களா?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. தங்கச்சி முதலில் முறைப்பாடு கொடுத்தபோது வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வை என்றார்கள். முறிந்த கையோடு, தனக்கு வாசிக்கத் தெரியாத கடதாசியில் மற்றக் கையால் கிறுக்கிவிட்டு வந்தாள். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது 1987இல். திருகோணமலையில் தமிழில் ஒரு வாக்குமூலம் எழுத ஆள் இல்லையா? கேட்டால், நாளைக்கு வாருங்கள் என்கிறார்கள். அடி வாங்கியவள் நாளை வரைக்கும் எங்கே போய் இருப்பாள்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் போகட்டும், தடுக்காதீர்கள். ஆனால் போவதற்குக் கூலியாக வழக்கைக் கேட்டால் கொடுக்காதீர்கள். சேர்ந்து வந்து இருங்கள் என்று கூப்பிட்டால், எனக்குத் தனியாக நேரம் தாருங்கள் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிகளில் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுகிற நட்பு நிலையம் இருக்கிறது, மகளிர் உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கட்டளையின் பிரதியொன்றை அம்மா வீட்டிலோ நம்பிக்கையான ஆளிடமோ வையுங்கள். அதன் காலம் முடிய முன்னமே அடுத்தது என்ன என்று சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.